மருத்துவமனை வேலையின் மன அழுத்தம்: வார்டில் நிற்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சென்னையில் ஸ்டாஃப் நர்ஸ், ஹவுஸ் சர்ஜன், லேப் டெக்னீஷியன் என்று ஷிஃப்ட் முறையில் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பதினேழு வருடமாக நர்ஸ். அதில் எட்டு வருடம் வார்டு இன்சார்ஜ். புதிதாகச் சேர்ந்தவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து உருவான வரிசை இது.

வரிசைதான் இதில் முக்கியம். தாங்கவில்லை என்றதும் பலர் கடைசிப் படியில் தொடங்குகிறார்கள். தியான ஆப் இறக்குகிறார்கள், இல்லையென்றால் ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார்கள். நாலு மணி நேரத் தூக்கத்தோடு தியானத்தில் உட்கார்ந்தால் கண் சொருகும், அவ்வளவுதான். உடம்பு முதலில், அப்புறம் வேலை செய்யும் முறை, அப்புறம் சுற்றி இருக்கும் மனிதர்கள், அதற்கும் பிறகுதான் மனம்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் மற்ற எதையும் படிக்க வேண்டாம். நேராக 10-ஆம் படிக்குப் போங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு. மொபைலில் எழுதலாமே என்பார்கள். டூட்டியில் மொபைலை எடுத்தால் வாட்ஸ்அப் திறக்கும், இன்சார்ஜும் கேட்பார். நோட்டுதான் சரி.

போன மாதமும் இந்த மாதமும் உங்களுக்குப் போட்ட டூட்டி ரோஸ்டரின் நகல். புகைப்படம் எடுத்து வைத்தாலும் போதும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அட்டை. மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம், ஆறாம் மாதம். கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பார்த்து, 10 mIU/mL-க்கு மேல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மன அழுத்தத்துக்கும் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். 6-ஆம் படியில் தெரியும்.

கடைசியாக, ஒரு ஆள். அதே மருத்துவமனையில், ஆனால் உங்கள் வார்டில் இல்லாத ஒருவர். உங்கள் வார்டு ஆள் என்றால் நீங்கள் சொல்வதில் பாதி அவரைப் பற்றியே இருக்கும். மருத்துவமனைக்கு வெளியே உள்ளவருக்கோ பாதி புரியாது.

1. பதினான்கு நாள் எழுதுங்கள், வேறெதுவும் மாற்றாதீர்கள்

ஒவ்வொரு டூட்டி முடிந்ததும் நாலே வரி. எத்தனை மணி நேரம் தூங்கி வந்தீர்கள். எந்த மணிக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. உடம்பில் எங்கே தெரிந்தது: தலை, வயிறு, தாடை, தோள்.

ஏன் பதினான்கு நாள் என்றால், அதற்குள் பெரும்பாலும் மார்னிங், ஈவினிங், நைட் மூன்றும் ஒரு சுற்று வந்துவிடும். நைட் வாரத்தை மட்டும் எழுதிவிட்டு முடிவெடுத்தால் வேலையே பிடிக்கவில்லை என்றுதான் தோன்றும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, உணர்ச்சியைப் பக்கம் பக்கமாக எழுதுவது. ‘ரொம்ப டென்ஷன்’ என்று எழுதினால் இரண்டு வாரம் கழித்து அதில் பார்க்க ஒன்றுமில்லை. ‘காலை 6.15, ஐந்து பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டும், இரண்டு பெல் அடிக்கிறது, லேப் பையன் வாசலில் நிற்கிறான்’ என்று எழுதுங்கள். அதைத்தான் மாற்ற முடியும்.

ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்த நோட்டில் கஷ்டமான நேரம் எல்லாமே காலை 6 முதல் 7.30-க்குள் இருந்தது. நோயாளிகளைக் கண்டு பயம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் பயந்தது ஹேண்டோவருக்கு, அதாவது அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் நோயாளிகளை ஒப்படைப்பதற்கு. 4-ஆம் படியை மட்டும் சரிசெய்தோம்.

2. தூக்கத்தை முதலில் கட்டுங்கள்

நீளமான படி இதுதான். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

முதல் நைட்டுக்கு முன். அன்று மதியம் இரண்டு மணி வாக்கில் ஒன்றரை மணி நேரம் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து விழித்தபடியே நைட்டுக்குப் போனால் விடியும்போது இருபத்துநாலு மணி நேரம் தூங்காத தலை அது. அந்தத் தலையோடுதான் இன்சுலின் எடுக்கிறோம்.

நைட்டுக்குள். கடைசி காபி ஒரு மணிக்குள் முடியட்டும். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். விடிகாலை நாலு மணிக்குக் குடித்த காபி ஒன்பது மணிக்கும் பாதி உள்ளே இருக்கும்; நீங்கள் அப்போதுதான் படுக்கிறீர்கள். ‘படுத்தா தூக்கமே வரல சிஸ்டர்’ என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கடைசி காபி எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

பிரேக் கிடைத்தால் இருபது நிமிடத் தூக்கம். அலாரம் வையுங்கள். முக்கால் மணி நேரம் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்ப வேண்டியிருக்கும். எழுந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகவே இருக்கும்.

வீடு திரும்பும்போது. நைட் முடித்து டூவீலர் ஓட்டாதீர்கள். நாள் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். கண் இரண்டு வினாடி மூடினால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் என்ன ஆகும் என்று ட்ராமா வார்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பஸ், மின்சார ரயில், மெட்ரோ எதுவானாலும் சரி. வேறு வழியே இல்லை என்றால் டூட்டி ரூமில் இருபது நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

வெயில் கண்ணில் படாமல் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள். காலை வெளிச்சம்தான் மூளைக்கு ‘விடிந்துவிட்டது’ என்று சொல்கிறது. அது பட்டுவிட்டால் அப்புறம் மூளை தூங்க மறுக்கும்.

வீட்டில். இரண்டு இட்லி, ஒரு குளியல், உடனே படுக்கை. ‘வந்ததுக்கு துணியை ஊறப் போட்டுட்டுப் படுக்கலாம்’ என்று ஆரம்பித்தால் மணி பதினொன்று. மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை என்றால் சித்திரை, வைகாசியில் பதினோரு மணிக்கு மேல் சுவரே சுடும். தூக்கத்தின் பெரும்பகுதியை அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்பு பெட்ஷீட்டை நாலு மூலையிலும் ஆணியடித்து மாட்டுங்கள். காற்றில் விலகும் திரை போதாது. காதுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு அடைப்பான். காய்கறி வண்டியின் ஸ்பீக்கர், தண்ணீர் லாரி, ஆடி மாதமானால் தெருமுனை அம்மன் கோவில் குழாய்: இவை எல்லாம் நமக்காக நிற்கப் போவதில்லை. ஆடி மாதத்தில் நைட் விழுந்தால் ஹாஸ்டலில் தெருவுக்கு எதிர்ப்பக்க அறையில் இருக்கும் தோழியோடு கட்டிலை மாற்றிக்கொள்ளுங்கள். நான் மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன்.

கடைசி நைட் முடிந்த அன்று மட்டும் பன்னிரண்டு, ஒரு மணிக்கு எழுந்துவிடுங்கள். சாயங்காலம் வரை தூங்கினால் அன்றைய ராத்திரித் தூக்கம் போய்விடும். உங்கள் ஆஃப் நாளும் அதோடு போகும்.

தூக்க மாத்திரை மட்டும் தானாக எடுக்கவே கூடாது. வார்டு மருந்து அலமாரி பக்கத்திலேயே இருப்பதால் ‘ஒரு அல்பிரசோலம் போட்டுக்கிட்டேன்’ என்று இதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். சில வாரங்களிலேயே அது இல்லாமல் தூக்கம் வராத நிலைக்குப் போய்விடும். அப்புறம் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

3. சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம்

சின்னப் படிதான், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். காலை டூட்டிக்கு வெறும் டீயோடு வந்து, மதியம் இரண்டரைக்கு முதல் வாய் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். பதினொன்றரைக்குக் கை நடுங்கும், எரிச்சல் வரும். அதை மன அழுத்தம் என்று எடுத்துக்கொள்வோம். பாதி அது பசி.

கிட்டத்தட்ட பத்தரைக்கு ஒரு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய். நின்றுகொண்டே சாப்பிட முடிந்ததாக இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலில் உங்கள் பெயர் எழுதி நர்ஸிங் ஸ்டேஷனில் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

சிறுநீரை அடக்கி வேலை பார்ப்பது பெருமை இல்லை. பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரையே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு நமது ஓ.பி.யிலேயே வரிசையில் நிற்கும் நர்ஸுகளை வருடா வருடம் பார்க்கிறேன். ரவுண்ட்ஸ் தொடங்கும் முன் ஒரு முறை, மதிய மருந்துக்கு முன் ஒரு முறை. நேரத்தோடு கட்டிவிட்டால் மறக்காது.

4. ஹேண்டோவரை முழுமையாகக் கொடுங்கள்

வீட்டில் படுத்த பிறகு ‘அதைச் சொன்னேனா, சொல்லலையா’ என்று திடுக்கிட்டு எழுவது எல்லோருக்கும் நடக்கும். அது அவசரமாகக் கொடுத்த ஹேண்டோவரின் மீதி. டூட்டியை டூட்டியிலேயே முடித்துவிட்டு வர ஒரே வழி இதுதான்.

ஒவ்வொரு படுக்கைக்கும் ஐந்து விஷயம், இதே வரிசையில்: யார், எதற்கு வந்தார், இப்போது எப்படி, என்ன பாக்கி, எதைக் கவனிக்க வேண்டும். நோயாளியின் நிலையை வரிசைப்படி சொல்லும் எஸ்பார் (SBAR) முறையை நர்ஸிங் காலேஜில் படித்திருப்பீர்கள். அதையே நம் வாயில் வரும்படி ஆக்கியது இது.

கேட்க இப்படி இருக்கும்: ‘பன்னிரண்டாம் பெட், அம்பத்தெட்டு வயசு, சர்க்கரை, கால் புண், நேத்து சுத்தம் பண்ணாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சுகர் 68. டாக்டர்கிட்ட சொல்லி 25 டெக்ஸ்ட்ரோஸ் போட்டோம். பதினஞ்சு நிமிஷத்துல 118. காலை இன்சுலின் இன்னும் போடல, டோஸ் கேட்டிருக்கேன், பதில் வரல. பதில் வராம போடாதீங்க.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் அதுதான் விடுபட்டுப் போகும். பாக்கி என்ன என்று சொல்வோம், ஆனால் அதில் ஆபத்து எது என்று சொல்லாமல் விட்டுவிடுவோம்.

நர்ஸிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து கொடுக்காதீர்கள். படுக்கை அருகே நின்று கொடுங்கள். டிரிப் வேகம், டிரெயின் குழாயில் வந்த அளவு, ஊசிப் போட்ட இடம் மூன்றையும் இருவரும் ஒன்றாகப் பார்த்துவிட்டால், பிறகு ‘நான் பார்க்கும்போதே வீங்கியிருந்தது’ என்ற சண்டைக்கு இடமில்லை. எடுத்துக்கொள்பவர் முக்கியமானதைத் திருப்பிச் சொல்லட்டும்.

முடித்ததும் வாய்விட்டு, ‘என்கிட்ட இனி எதுவும் பாக்கியில்ல’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லும்போதே பாக்கி இருந்தால் ஞாபகத்துக்கு வந்துவிடும். அதற்காகத்தான் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் எதாவது ஞாபகம் வந்தால் உடனே வார்டுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். காலை வரை மனசில் போட்டுப் புரட்ட வேண்டாம்.

5. டூட்டிக்குள்ளேயே மூச்சு விட இடம் செய்யுங்கள்

தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் நடக்காது. அதனால் ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டுங்கள். கை கழுவுவது அதற்கு மிகப் பொருத்தம். சோப்பு போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 வினாடி ஆகும். நாலு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஒரு மூச்சுக்குச் சுமார் பத்து வினாடி. கை கழுவி முடிப்பதற்குள் நாலு மூச்சு. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது. ஒரு டூட்டியில் எத்தனை முறை கை கழுவுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

மருந்து எடுக்கும்போது யார் கூப்பிட்டாலும், ‘ஒரு நிமிஷம், கையில மருந்து இருக்கு’ என்று சொல்லப் பழகுங்கள். சீஃப் டாக்டராக இருந்தாலும் இதையே சொல்லலாம். மரியாதைக் குறைவு இல்லை. பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வரும் கைதான் தவறு செய்கிறது.

விடிகாலை மூன்று முதல் ஐந்து வரை உடல் வெப்பமும் கவனமும் மிகக் கீழே இருக்கும் நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் பொட்டாசியம், இன்சுலின், ஹெப்பாரின் எடுத்தால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், இன்னொருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

6. ஊசி குத்தினால் என்ன செய்வது என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள்

சொல்லாமல் மனசுக்குள் தூக்கிக்கொண்டு திரியும் பயங்களில் இதுதான் பெரியது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதியாகிவிடும்.

குத்திய இடத்தைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள், வாயில் வைக்காதீர்கள். உடனே கேசுவால்டிக்குப் போய்ச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று டாக்டர் சொன்னால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி-க்கு உங்கள் தடுப்பூசி அட்டைதான் பதில் சொல்லும்.

‘டூட்டி முடியட்டும், சொல்லிக்கலாம்’ என்று மறைக்காதீர்கள். அந்த எட்டு மணி நேரம்தான் உங்களைத் தின்னும்.

7. அட்டெண்டர்களின் கோபம்

வேலூரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ ஆந்திரப் பக்கத்திலிருந்தோ ஆம்புலன்ஸில் வந்து, மூன்று நாளாக காரிடாரில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் நோயாளியின் உறவினர்கள் அவர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. பில் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் கோபம் முதலில் கண்ணில் படுகிறவர் மேல் விழும். கண்ணில் படுகிறவர் நாம்.

முதலில், குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் மட்டும் பேசுங்கள். ஐந்து பேரிடம் சொன்னால் ஐந்து விதமாகப் போகும். அடுத்து, நேரம் சொல்லுங்கள். ‘அண்ணா, உக்காருங்க. அம்மாவுக்கு பிரஷர் இன்னும் கம்மியாத்தான் இருக்கு, டாக்டர் உள்ள பாத்துட்டு இருக்காங்க. பதினோரு மணிக்கு நானே வெளிய வந்து சொல்றேன்.’ பதினொன்றுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் வெளியே போங்கள். ‘அப்படியேதான் இருக்காங்க’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வந்ததுதான் அவருக்கு முக்கியம்.

புதியவர்கள் நல்ல மனசோடு செய்யும் தவறு ஒன்று: ‘கவலப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது.’ இந்த வார்த்தையைச் சொல்லவே சொல்லாதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால், சொன்னது அவர்களுக்கும் மறக்காது, உங்களுக்கும் மறக்காது.

குரல் உயர்ந்ததுமே செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். கை உயரும் வரை காத்திருக்க வேண்டாம். தனியாக நிற்காதீர்கள், கதவு உங்கள் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவரை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். அதற்குப் பிறகு இதை மிகை என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவப் பணியாளர்கள் மேல் நடக்கும் வன்முறைக்குத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஜாமீனில் வர முடியாத குற்றம் அது. நடந்ததை அன்றே எழுதிக் கொடுங்கள். ‘பாவம், துக்கத்துல பண்ணிட்டாரு’ என்று விட்டுவிட்டால் மறுநாள் அதே இடத்தில் இன்னொரு பெண் நிற்பாள்.

8. ஒரு மரணத்துக்குப் பிறகு, ஒரு தவறுக்குப் பிறகு

சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கும் முயற்சி) நிறுத்தி, இறந்த நேரம் சொன்னதும் நம் வேலை முடிவதில்லை. லைன்கள் எடுக்க வேண்டும், உடலைச் சுத்தம் செய்ய வேண்டும், கேஸ் ஷீட் முடிக்க வேண்டும், பக்கத்துப் படுக்கைக்கு மருந்து நேரம் ஆகியிருக்கும். துக்கப்பட இடமே கிடைக்காது. அது அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ், தான் பார்த்த முதல் மரணத்துக்கு அப்புறம் ட்ரேயில் இருந்த ஆம்பூல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்ததும் கலைத்து மறுபடி அடுக்கினாள். ‘சாப்டியாம்மா?’ என்று கேட்டேன். ‘அக்கா, அவங்க பையன் ராத்திரி என்கிட்ட சார்ஜர் கேட்டான். குடுத்தேன். இப்ப எப்படிக்கா போய் கேக்கறது’ என்றாள். சார்ஜரைப் பற்றித்தான் பேசினாள், அழுதது அந்த அம்மாவுக்காக. அரை மணி நேரம் நாங்கள் சார்ஜரைப் பற்றியே பேசினோம்.

இதற்குச் செய்ய வேண்டியது மூன்று. முதல் மரணத்தில் புதியவரை உடலோடு தனியாக விடாதீர்கள்; கூட ஒருவர் நின்று துணியைப் பிடித்துக் கொடுத்தால் போதும். எல்லாம் முடிந்ததும் அந்தக் குழு பத்து நிமிடம் ஒன்றாக நின்று என்ன நடந்தது என்று மட்டும் பேசுங்கள். யார் தவறு என்ற பேச்சு அங்கே வேண்டாம். அன்று வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள், பஸ் ஸ்டாப் வரையாவது கூடப் போங்கள்.

தவறு நடந்துவிட்டால் வரிசை வேறு. முதலில் நோயாளி. அடுத்து டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அப்புறம் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஏற்கெனவே எழுதியதைத் திருத்தாதீர்கள். நோயாளிக்கு அடுத்தபடியாகக் காயப்படுவது தவறு செய்த பணியாளர். ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-இல் இவர்களை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதினார். தூக்கம் போகும், தன் கையையே நம்ப முடியாமல் போகும். அது பலவீனம் இல்லை. மனசாட்சி உள்ளவர்களுக்குத்தான் அது வருகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இன்சிடெண்ட் ரிப்போர்ட் எழுதினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். விளைவு, யாருமே எழுதவில்லை. அதே தவறு அடுத்த வார்டிலும் நடந்தது. இதைப் படிப்பவர்களில் இன்சார்ஜ்கள் இருந்தால் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: எழுதிக் கொடுத்தவரைத் தண்டிக்காதீர்கள்.

9. வீட்டு வாசலும் ரோஸ்டரும்

யூனிஃபார்மை மருத்துவமனையிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். தொற்று ஒரு காரணம். உடம்புக்கு ‘டூட்டி முடிந்தது’ என்று தெரிவது இன்னொரு காரணம். இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பவர்களும் உண்டு.

வார்டு வாட்ஸ்அப் குழுவை ஆஃப் நாளில் மியூட்டில் போடுங்கள். அவசரம் என்றால் போன் வரும். ஹாஸ்டலில் இருப்பவர்கள், சாப்பிடும் நேரத்தில் வார்டுப் பேச்சு இல்லை என்று அறைக்குள் ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களின் ரிப்போர்ட். ‘இதக் கொஞ்சம் பாரும்மா, சித்தப்பாவுக்கு’ என்று ராத்திரி பதினோரு மணிக்கு மொபைலில் ஸ்கேன் வரும். அன்பில்தான் அனுப்புகிறார்கள். ‘நாளைக்கு ஆஃப், காலைல பாத்துட்டுச் சொல்றேன் சித்தி. நெஞ்சு வலின்னா மட்டும் எனக்காகக் காத்திருக்காம 108-க்கு அடிங்க’ என்று பதில் போடுங்கள். ஒரே வாக்கியத்தைச் சேமித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டாம்.

இப்போது ரோஸ்டர். முதல் படியில் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு இன்சார்ஜிடம் போங்கள், அடுத்த மாத ரோஸ்டர் போடுவதற்கு முன்னால். போட்ட பிறகு கேட்டால் இன்னொருவரை மாற்றித்தான் உங்களுக்குத் தர வேண்டும். அதில் மனக்கசப்பு வரும். ‘ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு மேடம்’ என்று சொன்னால் ஆறுதல் கிடைக்கும். ‘இந்த மாசம் நைட் முடிஞ்சு அன்னைக்கே மறுபடி ஈவினிங் மூணு தடவ வந்திருக்கு மேடம், அடுத்த மாசம் ஒரு நாள் இடைவெளி வேணும்’ என்று சொன்னால் ரோஸ்டர் மாறும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன். ஒரு முறைக்கு ஒரு கோரிக்கை மட்டும். வாயால் சொன்னதை இரண்டு வரி மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள்.

வேலையை விடுவது தவறே இல்லை. ஆனால் அந்த முடிவை நைட் வாரத்தில் எடுக்காதீர்கள். இரண்டு ஆஃப் தூங்கி எழுந்த பிறகும் அதே முடிவு என்றால், விடுங்கள்.

10. வெளி உதவி எப்போது, எங்கே

இரண்டு வாரம் தொடர்ந்து இப்படி இருந்தால் தாமதிக்க வேண்டாம்: ஆஃப் நாளிலும் தூக்கம் வரவில்லை, டூட்டிக்குக் கிளம்பும்போது அழுகை வருகிறது, நோயாளி வலியில் கத்தினாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை, மாத்திரையோ குடியோ இல்லாமல் நாள் நகரவில்லை. மனச்சோர்வை அளக்க நோயாளிகளுக்கு நாம் போடும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளை நேர்மையாக நமக்கே போட்டுப் பார்க்கலாம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கு கிடையாது, அன்றே. மருந்துகள் எட்டும் தூரத்தில் இருக்கும் தொழில் நமது, அதனால் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு, அவரோடேயே கேசுவால்டிக்குப் போங்கள்.

போனில் பேச: டெலி மானஸ், எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் சேவை. இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலும், கட்டணம் இல்லாமல். தமிழக அரசின் 104-லும் ஆலோசனை உண்டு. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் ஸ்நேகாவின் எண் 044-24640050.

நேரில் பார்க்க: ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றிலும் மனநலப் பிரிவு உண்டு. அயனாவரத்தை ஒட்டி மனநலத்துக்கென்றே ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது; அதன் தொடக்கம் 1794.

நம்மவர்களைத் தடுப்பது பெரும்பாலும் ‘தெரிஞ்சவங்க பாத்துடுவாங்க’ என்ற பயம்தான். அப்படியானால் நீங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனையைத் தவிர்த்து வேறு இடத்துக்குப் போங்கள். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. இன்சார்ஜிடம் ‘மெடிக்கல் அப்பாயின்ட்மென்ட்’ என்று மட்டும் சொன்னால் போதும். அன்றைக்கு ஈவினிங் டூட்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காலை ஓ.பி. நேரத்துக்குப் போய்வர முடியும்.

முதல் விசிட்டிலேயே உங்கள் நோட்டையும் ரோஸ்டரையும் டாக்டரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகலாம். ஒரு வாரத்தில் ‘ஒண்ணும் தெரியல’ என்று நிறுத்திவிட வேண்டாம். சில மாத்திரைகள் தூக்கம் தரும், சில தூக்கத்தைக் கலைக்கும். நைட் வாரத்தில் அதை எந்த மணிக்குப் போட வேண்டும் என்று அங்கேயே கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.